கண்ணை விட்டு மறையும் வரைக்கும்

ஜப்பான் பயணம் முடிஞ்சு ஊர் திரும்புற நாள். டோக்கியோ நரிட்டா விமான நிலையத்துல விமானம் மெல்ல நகருது. ஜன்னல் வழியா பார்த்தேன். விமானத்தைச் சரிபார்த்து அனுப்பின பணியாளர்கள் கீழே வரிசையா நிக்கிறாங்க. குனிஞ்சு வணங்கினாங்க. நிமிர்ந்து, கையுறை போட்ட ரெண்டு கையையும் ஆட்டினாங்க. மழை வேற தூறிக்கிட்டிருந்தது.

இதை அங்கே ‘மியோகுரி’ன்னு சொல்றாங்க. வழியனுப்புறது. போறவங்க கண்ணை விட்டு மறையுற வரைக்கும் நின்னு பார்க்கிறது. பழைய பாணி விடுதிகள்லயும் அப்படித்தான். கார் திருப்பத்துல மறையுற வரைக்கும் வாசல்லயே நிப்பாங்க.

நம்ம பாட்டி, பஸ் போன பிறகும் தெருமுனையில நிப்பாங்களே, அதேதான்!

பார்த்த கோயில், ஏறின மலை எல்லாம் கொஞ்சம் மங்கிப்போச்சு. மழையில நனைஞ்ச அந்தக் கையுறைகள் மட்டும் அப்படியே கண்ணுல நிக்குது. நானும் ஜன்னலோரமா கையை ஆட்டினேன். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?