இளவயதில் வரும் நடுக்குவாதம்: நாம் செய்யக்கூடியது என்ன?

(தாமலில் நடந்த நமது கூட்டமைப்பின் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியது)



இன்றைக்கு வங்கிக் கடன், தணிக்கை என்று பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரு நோயைப் பற்றிச் சொல்ல அனுமதி கேட்டோம். கொடுத்ததற்கு நன்றி.

நோயின் பெயர் நடுக்குவாதம். ஆஸ்பத்திரியில் பார்கின்சன் நோய் என்பார்கள். 1817-ல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர் பெயரே வந்துவிட்டது. "எங்க தாத்தாவுக்குக் கூட கை ஆடுமே, அதுதானே?" என்பீர்கள். அதேதான். ஆனால் இது தாத்தா பாட்டிக்கு மட்டும் வருவதில்லை. சிலருக்கு 50 வயதுக்குள்ளேயே வருகிறது, 30, 35 வயதில் வந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலம், கடன் தவணை ஓடுகிற காலம் அது. அந்த நேரத்தில் சம்பாதிக்கிற கையே சொன்ன பேச்சைக் கேட்காமல் போனால் குடும்பம் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு.

மூளைக்குள்ளே டோபமின் என்று ஒரு சுரப்பு. நாம் நினைத்தபடி கை கால் அசைய அது வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதுதான் நோய். ஏன் அழிகிறது என்று பெரும்பாலானவர்களுக்கு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இளவயதில் வருகிற சிலருக்கு மரபணுக் குறை காரணமாக இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பேர் வழியாகவும் வந்தால்தான் தாக்கும் குறைகள் அதில் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டுகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. செய்வினையும் அல்ல.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடுக்கம் வராது. தோள்பட்டை இறுகும், ஒரு கை மட்டும் வீசாமல் நடப்பார்கள், காலையில் எழுந்தால் கால் விரல்கள் சுருட்டிக்கொள்ளும். வாசனை தெரியாமல் போகும். முகத்தில் சிரிப்பு குறையும். "இவளுக்கு என்ன இவ்வளவு கர்வம்?" என்று தெருவில் பேசுவார்கள். குரல் இறங்கிவிடும். இன்னொன்று, எழுத்து வரவர சின்னதாகிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடிக்க நம் குழுக்களில் ஒரு வசதி இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டு வருடத்துப் பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். அந்தப் புத்தகத்தை டாக்டரிடம் காட்டினாலும் தப்பில்லை.

நம் கூட்டமைப்பில் ஒரு சகோதரிக்கு 39 வயது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், மற்றதைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார். வீட்டில் பட்டுத்தறி. கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெசவாளி ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இந்தச் சகோதரிதான் வீட்டுக்காரருக்குப் பக்கத்தாள். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுவதும் அவர் வேலை. முதலில் முடிச்சு விழவில்லை. பிறகு நாடா கை தவறியது. இப்போது அந்த இடத்தில் வெளியாளை வைத்துக் கூலி கொடுக்கிறார்கள். அவர் உழைப்பும் போயிற்று, கையிலிருந்து காசும் போகிறது. மருந்துச் செலவு அதற்கும் மேலே. இரண்டு வருடம் தோள்வலி என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்லி ஊசி போட்டார்களாம். நரம்பியல் மருத்துவரிடம் போன பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது.

மருந்து இருக்கிறதா என்றால் இருக்கிறது. அடியோடு குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. லெவோடோபா என்ற மாத்திரை 1960-களின் கடைசியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, இன்றைக்கும் அதுதான் முக்கியம். ஆனால் நேரம் தவறக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும், பருப்பு, முட்டை, பாலோடு சேர்த்துப் போட்டால் சரியாக ஏறாது. நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, ஆபத்து. சில வருடம் கழித்து மாத்திரை ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது ஒரு மாதிரி ஆகும். இளவயதுக்காரர்களுக்கு உடம்பு தானாக நெளிவதும் சீக்கிரமே வருகிறது. பார்க்கிறவர்கள் "அம்மன் வந்திருக்கு" என்பார்கள். அம்மன் வரவில்லை, மருந்தின் அளவைச் சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் நோய் கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பூனைக்காலி விதை பற்றி யாராவது கேட்பீர்கள். அதில் இதே லெவோடோபா இருப்பது உண்மை. அதனால்தான் மாத்திரையோடு சேர்த்து நாமாகச் சாப்பிடக் கூடாது, அளவு மீறிவிடும். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கடையில் கொடுக்கிற சில மாத்திரைகளும் இந்த நோயைக் கூட்டும். வேறு எதற்கு மருந்து வாங்கினாலும் "எனக்கு நடுக்குவாதம்" என்று முதலில் சொல்ல வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம்.

அமெரிக்க சினிமா நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல், 30 வயதை ஒட்டி, இந்த நோய் என்று சொன்னார்கள். 7 வருடம் வெளியில் சொல்லாமல் மறைத்தார். 1998-ல் சொன்னார், 2000-ல் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இங்கிலாந்தில் டாம் ஐசக்ஸ் என்பவருக்கு 30 வயதுக்குள்ளேயே வந்தது. அவர் 2002-ல் கிளம்பி ஒரு வருடம் அந்த நாட்டின் கடற்கரை முழுக்க, 4,500 மைல், நடந்தே நிதி திரட்டினார். நம் நாட்டில் மும்பையில் 2001-ல் டாக்டர் பி.எஸ். சிங்கால் முயற்சியில் பார்கின்சன் நோயாளிகளுக்கான சங்கம் ஒன்று தொடங்கி, நோயாளிகளையும் வீட்டாரையும் உட்கார வைத்து உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, ஆறுதல் எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு நம்மில் ஒருவர் நல்லெண்ணத்தில், "சகோதரியின் போட்டோவைப் போட்டு ஹைவேயில் ஒரு பிளெக்ஸ் வைப்போம், திருவிழாவில் உண்டியல் வைப்போம்" என்றார். சகோதரி சொன்ன பதிலை அப்படியே சொல்கிறோம்: "பேனர்ல என் மூஞ்சியப் போடாதீங்க அக்கா. எம் பொண்ணு அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போவுது. உண்டியல்ல விழறது ரெண்டு மாசம் வரும். நான் இன்னும் முப்பது வருஷம் மாத்திரை போடணுமே."

அவர் சொன்னது கணக்கு. விபத்து, ஆபரேஷன் என்றால் ஒரு தடவை வசூல் செய்து கட்டலாம். இது மாதாமாதம் வரும் செலவு. அதற்கு மாதாமாதம் வரும் பணம்தான் சரி. நாம் சேமிப்பு ஆரம்பித்தது அப்படித்தானே? 500 பேர் மாதம் 5 ரூபாய் போட்டால் 2,500 ரூபாய். வருடத்துக்கு 30,000. பெரிய தொகை இல்லைதான். ஆனால் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஓர் ஆளோடு போய்வரும் பஸ் செலவுக்கும், அன்றைக்குப் போகும் கூலிக்கும், ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லாத மாதம் வெளியில் மாத்திரை வாங்கவும் இது தாங்கும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிக்கவும் தாங்கும். இந்த நோயில் விழுந்து எலும்பு முறிவது பெரிய பயம்.

இதைக் கடனாகக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. கறவை மாடு வாங்கக் கடன் கொடுக்கலாம், மாடு திருப்பிக் கட்டும். மாத்திரை எப்படித் திருப்பிக் கட்டும்? மைக்ரோ பைனான்ஸில் வாங்கி மருந்து வாங்கினவர்கள் நம்மிலேயே இருக்கிறீர்கள், வாரத் தவணை எப்படி நெருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நலிவுநிலை குறைப்பு நிதியிலிருந்து என்ன செய்ய முடியும் என்றும் கேட்போம். அதோடு, இது ஒருவருக்கான நிதியாக இருக்க வேண்டாம். நெடுநாள் நோய் நிதி என்று இருக்கட்டும். பக்கவாதம், வலிப்பு, சிறுநீரகம் என்று யார் வீட்டுக்கு எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

வசூலுக்கு முன்னால் அரசாங்கத்திடம் நமக்கு வரவேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். 1995-ம் வருடச் சட்டத்தில் ஊனம் என்று 7 வகைதான் இருந்தது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை, அதில் பார்கின்சன் நோயும் பெயர் சொல்லியே இருக்கிறது. இது தெரியாமல் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு வழி திறக்கும். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் இந்த நோய் இருக்கிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்றுக்குப் போகும்போது ஒரு விஷயம். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் பார்த்தால் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரியும். மருந்து இறங்கினால் எப்படி இருக்கிறது, யார் தூக்கி உட்கார வைக்கிறார்கள் என்பதைக் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும். நரம்பியல் மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி கற்றுத் தருகிறார்கள். நம் ஊராட்சியில் யார் வருகிறார் என்று சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரை எழுதிக் கொடுக்கலாம்.

சகோதரி இப்போதும் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். பணம் எண்ணும் பொறுப்பை அவரே விட்டுவிட்டார், கணக்கு வாசித்துச் சொல்லும்போது தப்பைக் கண்டுபிடிப்பவர் இன்னமும் அவர்தான். பேசப் பேசக் குரல் இறங்கும், கொஞ்சம் பொறுத்திருந்து கேட்க வேண்டும்.

தீர்மானத்தின் வாசகம் இது: உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 5 ரூபாய், விருப்பப்பட்டவர்கள் மட்டும், தனிச் சேமிப்புக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, யாருக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும், நோயாளியின் பெயர் வாசிக்கப்படாது. ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். புத்தகம் மேஜை மேல் இருக்கிறது.