நிலையான முகவரியா, நடமாடும் பெயரா?

(வில்லியனூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழிலக்கணம் கற்பித்துக் காலங்கழிக்கும் எமக்குக் கணினி விஷயத்திற் பேசுதற்கு யாது தகுதி என்று தாங்கள் வினவக்கூடும். தகுதி ஒன்றேயுண்டு. இவ்விஷயத்தில் யாம் ஒரு பிழை செய்தோம். அதனால் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் மனம் புண்பட்டார். பலர் முன்னிலையிற் செய்த பிழையைப் பலர் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ளுதல் முறையன்றோ?

நிகழ்ந்தது இது. நம் கல்வி உதவி நிதியின் கணக்கும், மாணாக்கர் மனுக்களும் இம்மன்றத்துக் கணினியில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பாகூர்க் கிளையினர் ஒரு மனுவைப் பார்ப்பதற்கும் இங்கே வந்துபோக வேண்டியிருந்தது. புதுவை நிலமும் தமிழ்நாட்டு நிலமும் கலந்து கிடக்கும் நம் பகுதியில், பேருந்து மாறி வரும் முதியவர்க்கு ஒரு பகல் அதிலேயே கழிந்துவிடும். ஆதலின், "அங்கிருந்தபடியே இக்கணினியைத் திறக்க வழி செய்க" என்று எம் பழைய மாணாக்கர் ஒருவரை வேண்டினோம். அவர் காசு செலவின்றி டைனமிக் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டைச் செய்து தந்தார். ஒரு மாதமாகியும் பாகூரிலிருந்து கதவு திறக்கவில்லை; மனுக்களுக்குரிய கடைசி நாளோ நெருங்கிவிட்டது. செயற்குழுவில் யாம் அவரைப் பொறுப்பற்றவர் என்று கடிந்தோம். அத்துடன் நில்லாது, கல்வி நிதியிலிருந்தே பணமெடுத்து ஸ்டாடிக் ஐ.பி. வாங்க வேண்டுமென்று தீர்மானமும் கொண்டுவந்தோம். அத்தீர்மானம் இன்று தங்கள் முன் வாக்கெடுப்பிற்கு வருகின்றது.

பின்னரே யாம் அவ்விளைஞரை அருகிருத்திப் பாடங் கேட்டோம். கேட்டவற்றை ஈண்டு உரைக்கின்றோம்.

இணையத்திற் சேர்ந்த வாயிலுக்கு ஐ.பி. முகவரி என்னும் எண் ஒன்று உண்டு. இணைப்பு தரும் நிறுவனத்தார் அதனைப் பெரும்பாலும் இரவலாகவே தருவர். மின்சாரம் நின்று மீண்டும் வந்து, ரௌட்டர் விழித்தெழும்போது வேறோர் எண் வந்திருக்கலாம். நேற்றைய எண்ணை நம்பி இன்று வருபவர் பிறர் வீட்டு வாயிலில் நிற்பார்.

இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. ஒன்று ஸ்டாடிக் ஐ.பி.; அஃதாவது, மாறாத எண்ணொன்றை வாடகைக்குப் பெறுதல். நம் பாகூர்ச் செப்பேட்டை நினைவிற் கொள்க. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களை அளித்தபோது, அவ்வூர்களின் எல்லைகளையும் செம்பிற் பொறித்தனர். கல்விக்கென்று கொடுத்த நிலம் இன்னது என்பது ஆயிரம் ஆண்டு கடந்தும் ஐயமின்றி விளங்குகின்றது. (பாகூரார் தம் பிள்ளைகட்கு இச்செப்பேட்டைப் பற்றி ஒரு முறையேனும் சொல்லியிருப்பார்களா என்பது எம் நெடுநாளைய ஐயம்.) ஸ்டாடிக் ஐ.பி. அத்தகைய செம்பு அன்று. வாடகை நின்ற நாளில் எண்ணும் போய்விடும்.

மற்றொன்று டைனமிக் டி.என்.எஸ். எண்களை மனிதர் நினைவிற் கொள்ளுதல் அரிதாகையால், பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்னும் முறையை 1983-ஆம் ஆண்டிற் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். எண் மாறுந்தோறும் நம் ரௌட்டரே அப்பெயர்ப் பதிவேட்டிற்கு, "இப்பொழுது இவ்வெண்ணில் இருக்கின்றோம்" என்று சொல்லியனுப்புமாயின், அதுவே டைனமிக் டி.என்.எஸ். ஊர் ஊராய்த் தங்கும் வணிகர், தாம் இன்று எந்தச் சத்திரத்தில் இருக்கின்றார் என்பதைத் தம் வீட்டார்க்குச் சொல்லி வைப்பதைப் போன்றது. எண் மாறிய பின் சில நிமிஷம் பழைய எண்ணே பிறர் நினைவில் நிற்கக்கூடும். வேறு குறை பெரிதாக இல்லை. டக் டி.என்.எஸ். போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நோ-ஐ.பி. நிறுவனத்தின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒரு முறை உறுதி செய்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் பாகூரில் ஏன் திறக்கவில்லை? இவ்விடத்தேதான் எம் அறியாமை இருந்தது.

பழைய முறையாகிய ஐ.பி.வி.4-இல் உள்ள எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. உலக மக்களோ 800 கோடிக்கு மேற்பட்டவர். உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி பங்கிடப்பட்டன. ஆசியப் பகுதியின் கையிருப்பும் அவ்வாண்டு ஏப்ரலிலேயே இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆதலின் நிறுவனத்தார் பலர் ஒண்டுக்குடித்தனம் போன்ற ஏற்பாட்டை மேற்கொண்டனர். தெருவிற்கு ஒரே கதவெண். உள்ளே பல குடும்பங்கள். இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். உள்ளிருப்பவர் வெளியே செல்லத் தடையில்லை. வெளியிலிருந்து வருபவர்க்கோ எந்த அறை என்று சொல்வார் இல்லை. இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012-இல் ஒதுக்கப்பட்டன.

நம் மன்றத்து ரௌட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 100.70 என்று தொடங்கும் எண் இருந்தது! அவ்விளைஞர் பதிவு செய்த பெயர் பிழையற்றது, அப்பெயர் சுட்டியது தெருக்கதவை, நம் அறையையன்று. இதனை அவர் முதல் வாரத்திலேயே சொல்ல முயன்றதாகவும், யாம் செவிசாய்க்கவில்லையென்றும் இப்பொழுது அறிகின்றோம்.

ஆதலின், இரண்டில் எது என்று ஆராயுமுன் தாங்கள் செய்யவேண்டியது ஒன்று. ரௌட்டர் பக்கத்தில் வெளிப்புற எண் யாதென்று பாருங்கள். பின்பு, "என் ஐ.பி. யாது" என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாயின் தங்கள் வாயில் தங்களுடையதே; டைனமிக் டி.என்.எஸ். போதும், வாடகை வீண். வேறாயின், ரௌட்டருக்கு முன்னே மற்றொரு பெட்டி இல்லாதபோது, ஒண்டுக்குடித்தனமே. புதிய ஐ.பி.வி.6-இல் எண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இரு முனையிலும் அது இருந்தாலன்றிப் பயனில்லை.

ஸ்டாடிக் ஐ.பி. யாருக்கு வேண்டும்? குறித்த எண்ணிலிருந்து வருபவரையே உட்புகவிடும் அலுவலகத்தோடும் வங்கியோடும் தொழில் செய்வோர்க்கு வேண்டும்; அவர்க்குப் பெயர் உதவாது. இலவசப் பெயருக்கும் ஓர் அபாயம் உண்டு. அது பிறர் கையில் இருப்பது. 2014-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, தீயோர் சிலர் பயன்படுத்தினர் என்று காட்டி, அமெரிக்க நீதிமன்ற ஆணையின் பேரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் நோ-ஐ.பி.யின் 22 பெயர்த் தொகுதிகளைக் கைக்கொண்டது. ஒரு குற்றமும் அறியாத எத்தனையோ பேர் வீட்டுப் பெயர்கள் சில நாள் செயலிழந்தன.

இரண்டிற்கும் பொதுவான அபாயம் வேறு. முகவரி என்பது பூட்டு அன்று. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, மிராய் என்னும் கேட்டு நிரல் புகுந்த வீட்டுக் கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் கூட்டமாகத் திரண்டு டின் நிறுவனத்தைத் தாக்கின. அதனால் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை பலர்க்குக் கிடைக்காமற் போயின. அந்நிரல் கையாண்ட உபாயம் மிக எளிது: கடையிலிருந்து வந்தபடியே மாற்றாது விட்ட கடவுச்சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தல். அங்ஙனம் தாக்கப்பட்ட டின், முதலில் டைனமிக் டி.என்.எஸ். பணியாற் பெயர் பெற்ற நிறுவனமே. கரும்புக் கொல்லையிற் கேமரா வைத்திருக்கும் நம்மவர் இதனைக் கேட்டு இன்றே கடவுச்சொல்லை மாற்றினால் மகிழ்வோம்.

நிற்க. நம் மன்றத்திற்கு என் செய்வது? நிறுவனத்தாரை வினவியபோது, தனி எண் வேண்டுமாயின் ஸ்டாடிக் ஐ.பி. வாடகையே வழி என்றனர். அவ்விளைஞர் வேறு வழி காட்டினார். மன்றத்துக் கணினியும் பாகூர்க் கணினியும் தாமே வெளியே சென்று, நடுவிலுள்ள ஒரு கூடத்திற் சந்தித்துப் பூட்டிய பாதை ஒன்றை அமைத்துக் கொள்ளும். டெயில்ஸ்கேல் என்பது அத்தகையது. வெளியார்க்குக் கதவே இல்லை. இங்கும் நடுக்கூடம் பிறருடையதே. அது மூடப்பட்டால் பாகூரார் பழையபடி பேருந்து ஏறவேண்டும். ஆண்டில் இரண்டு மாதம், மூன்றே பேர் பயன்படுத்தும் பாதைக்கு அவ்வளவு துணிவு கொள்ளலாம் என்பது எம் கருத்து. அவ்வாடகைப் பணம் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவிற்கு ஆகும்.

ஆதலின் எம் தீர்மானத்தை யாமே திரும்பப் பெறுகின்றோம். அக்கிராசனர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். செயற்குழுக் குறிப்பில் அவ்விளைஞரைப் பற்றி எழுதப்பட்ட வரியையும் நீக்குமாறு காரியதரிசியை வேண்டுகின்றோம். அவர் இப்பொழுது பாகூர்க் கிளையில் அமர்ந்திருக்கின்றார். மனுக்களுக்குக் கடைசி நாள் நாளை மறுநாள். இங்குள்ள திரையைச் சற்றே நோக்குங்கள். முதல் மனுவை அவர் அங்கிருந்து திறக்கப்போகின்றார்.