உப்புத் தண்ணியும் ஒழுகுற ஹவுசிங்கும்

ஈசிஆர்ல கடப்பாக்கம் வழியா பாண்டிச்சேரிக்கு டிரைவ் போறவங்களுக்காக இன்னைக்குப் பேசறேன். கூலன்ட் குறைஞ்சா, வழியில கிடைக்கிற போர் தண்ணியை ஊத்திடுறோம். கடலோரத்துல பல இடங்கள்ல அது உப்புத் தண்ணி, அலுமினியத்தை அரிக்கும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல பேக்கிங் உட்காருற முகத்துல குழி விழும். அப்புறம் எத்தனை பேக்கிங் மாத்தினாலும் கசியும், என்ஜின் சூடாகும்.

சீலன்ட்டை அள்ளிப் பூசுறதை நான் தீர்வுன்னு சொல்ல மாட்டேன். உள்ளே பிதுங்கின துணுக்கு ரேடியேட்டரை அடைச்சுடும். ஹவுசிங்கைக் கழட்டுங்க. கனமான கண்ணாடி மேல 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரிச்சு, தண்ணி விட்டு, எட்டு போடுற மாதிரி தேயுங்க. முகம் முழுக்க ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தா சமமாயிடுச்சுன்னு அர்த்தம். குழி மிச்சமிருந்தா மெட்டல் எபாக்ஸியை நிரப்பி, இறுகினதும் மறுபடி தேய்க்கலாம்.

சிலிண்டர் ஹெட்டுக்கு மட்டும் இந்தக் கைவைத்தியம் வேண்டாம். பல என்ஜின்கள்ல 0.05 மி.மீ. வளைவே எல்லை. அதைப் பட்டறையில மெஷின்ல கொடுத்துதான் ஃபேஸிங் பண்ணணும்.

இதெல்லாம் வராம இருக்க, டிக்கியில ஒரு லிட்டர் ரெடிமிக்ஸ் கூலன்ட் வைங்க. என்ஜின் நல்லா ஆறின பிறகே மூடியைத் திறங்க.