அறுபதுக்குப் பிறகு அரிவாள் பிடிக்கும் கை

இருபது வயசில் ஊர்க்கதை பேசிக்கொண்டே கதிர் அறுத்த கைதான். அறுபதைத் தாண்டியதும், "முன்ன மாதிரி கை ஓடலியே" என்கிறோம். இது நோய் அல்ல. வயது ஏற ஏற, கண் கண்டதற்குக் கை அசைய நேரம் கூடுகிறது. கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வும் மங்குகிறது. இரண்டு கையும் ஒரே மாதிரி அசைந்தால் அவ்வளவு சிரமமில்லை. இடது கை தாளைப் பிடிக்க, வலது கை அரிவாளை இழுக்கும்போதுதான் பிசகு நேர்கிறது.

ஆகவே, பெரியவர்களே, அறுக்கும்போது பேச்சு வேண்டாம்; பார்வை கையிலேயே இருக்கட்டும். மங்கிய வெளிச்சத்தில் தட்டை வெட்டும் இயந்திரத்துப் பக்கம் போகாதீர்கள். கடைசிப் பிடித் தட்டையைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளுங்கள். இளவட்டங்களே, அவர்களை அவசரப்படுத்தாதீங்க. நிதானமாகப் பழகினால் புதுக் கருவியும் அந்தக் கைக்குப் பிடிபடும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு கை திடீரெனத் துவண்டாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது வயசுக் கோளாறு அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.