கோடையும் நமது கூரையும்



கண்டி குளிர்ந்த ஊர் என்று பெருமை பேசுகிறோம். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த வாவியின் கரையிலே, மரநிழலில் நிற்பவருக்கு அது உண்மையே. ஆனால் ஹந்தானை, தெல்தோட்டைப் பக்கத்து லயன்களிலே, தகரக் கூரையின்கீழ்ப் பங்குனி நண்பகலைக் கழிக்கும் பாட்டியைக் கேளுங்கள். வேறு விடை கிடைக்கும். ஏப்ரல் முற்பாதியில் சூரியன் நமது உச்சிக்கு நேரே வருகிறான். அப்பொழுது சுவரைவிடக் கூரை வழியாகவே வெப்பம் அதிகம் இறங்குகிறது.

ஆகவே, பரிகாரமும் கூரையிலேயே தொடங்கவேண்டும். தகரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மழை அதைக் கரைத்துவிடுமாதலால் ஆண்டுதோறும் பூசவேண்டும். பகலில் வெயில் படும் யன்னல்களைச் சாத்தி, மாலைக்குப்பின் திறந்துவிடுவோம். மலைநாட்டின் இரவுக் காற்றுக்குக் காசில்லை. குடிப்பதற்கு மண்பானைத் தண்ணீரும் மோரும் போதும். பானையை மட்டும் மூடிவையுங்கள். இல்லையேல் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

இவையெல்லாம் தெரிந்தவைதாமே என்பீர்கள். தெரிந்தும், ஏணியில் ஏற இயலாத முதியோரின் கூரை துருவேறிக் கறுத்தே கிடக்கிறது. மிஷன் பாடசாலைகளிற் படித்த நாம் வெப்பத்தின் விதிகளைப் பரீட்சைத் தாளில் எழுதினோம். அயல் வீட்டுக்கு அவற்றைக் கொண்டுபோகவில்லை.

மாசி முடியுமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென ஒதுக்குவோம். சுண்ணாம்புச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். உழைப்பை நாம் தருவோம். எவ்வீட்டில் தொடங்குவது என்பதைப் பெரியோர்கள் காட்டித் தருவார்களாக.