முகவரியைக் கொடுத்தது யார்?



'நம் அந்தரங்கம் பறிபோவது அந்நியர் சூழ்ச்சியாலா, நம்மவர் அலட்சியத்தாலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி வந்தார். கம்ப்யூட்டர் திருடன் கண்ணுக்குத் தெரியாமல் வருவான், பாஸ்வேர்டைத் திருடுவான், பேங்க் கணக்கைச் சுரண்டுவான் என்று பயமுறுத்திவிட்டுப் போனார். எனக்கே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. (சிரிப்பு) வருவான் தம்பி, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் பாடுபட்டுத் திருட வேண்டியதை நாமே தாம்பூலத் தட்டில் வைத்து ஊருக்கெல்லாம் வழங்குகிறோமே, அதை யார் பேசுவது?

வேறு யாரையும் சொல்லவில்லை ஐயா, என்னையே சொல்கிறேன். நான் 33 வருஷம் டீச்சராக இருந்தவள். 2011-ல் எங்க வீட்டுக்காரருக்கு மணிவிழா. பத்திரிகையை ஈமெயிலில் அனுப்பினால் தபால் செலவு மிச்சம் என்று பையன் யோசனை சொன்னான். சிக்கனம் என்றால் எனக்கு உயிர். 'யாருக்கு' என்று கேட்கிற கட்டத்திலே சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், சீட்டு கட்டுகிறவர்கள் என்று மொத்தம் 142 முகவரி. ஒரே தட்டு தட்டினேன், போய்விட்டது.

ராத்திரியே பலன் தெரிந்தது. எங்க பெரியப்பா மகன் தன் தம்பிக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துக்கொண்டு 'ரிப்ளை ஆல்' பொத்தானை அழுத்திவிட்டார். என்ன எழுதினார் தெரியுமா? "அவங்க பொண்ணு கல்யாணத்திலேயே சாம்பார் தண்ணியாத்தான் இருந்துச்சு. இதுக்கு டிக்கெட் எடுத்துப் போகணுமாடா?" 142 பேரும் படித்தார்கள். எங்க சம்பந்தியும் படித்தார். (பலத்த சிரிப்பு) அதற்கப்புறம் 'எனக்கு இதெல்லாம் அனுப்பாதீர்கள்' என்று ஒருத்தர் எழுதினார். அதையும் எல்லாருக்குமே அனுப்பினார்!

சாம்பார் கதை சிரிப்போடு போயிற்று ஐயா. இன்னொன்று அப்படிப் போகவில்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. பேர் வேண்டாம். கட்டினவன் அடி தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் புது ஈமெயில் முகவரியை எழுதியிருந்தாள். ஆபீஸ் முகவரியில் ஒரு சங்கதி இருக்கிறது பாருங்கள். நடுவிலே சுழித்துப் போடுகிற அந்தக் குறிக்கு முன்னால் ஆளுடைய பெயர், பின்னால் கம்பெனியின் பெயர். வேலை பார்க்கிற இடம் அதிலேயே வந்துவிடுகிறது.

அந்தப் புருஷன் எப்போதோ எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருக்கிறான். அந்த முகவரியும் என் பெட்டியிலே கிடந்திருக்கிறது. நான் அவனை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, மொத்தமாகத் தேர்ந்தெடுத்ததிலே அவனும் சேர்ந்துகொண்டான். மணிவிழாப் பத்திரிகையைத் திறந்தவனுக்கு மேலேயே அவள் பெயரும் கம்பெனிப் பெயரும் கண்ணில் பட்டுவிட்டது. பத்து நாளிலே அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்கிறான். வாட்ச்மேன் தடுத்ததால் அன்றைக்குத் தப்பித்தாள். வேலையை விட்டாள், மறுபடியும் ஊர் மாறினாள், குழந்தைக்கு நடுவருஷத்திலே பள்ளிக்கூடம் மாற்றினாள்.

போன் பண்ணினாள். திட்டவில்லை ஐயா. "மிஸ், நான் உங்களுக்கு மட்டும்தானே மிஸ் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எதிரணியைக் கேட்கிறேன். இதிலே எந்த அந்நியன் சூழ்ச்சி செய்தான்? எந்தப் பூட்டை எவன் உடைத்தான்? (கைதட்டல்)

டீச்சரம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு ராணுவ அமைச்சகத்துக்குமா தெரியாது? 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உதவியாக இருந்த ஆப்கானியர்கள் உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டிய பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகமே அந்த செப்டம்பர் 20-ந் தேதி ஒரு ஈமெயில் அனுப்பியது. 245 பேருடைய விவரம் 'யாருக்கு' என்ற கட்டத்திலே திறந்து கிடந்தது. 55 பேருக்கு முகத்தின் படமும் சேர்ந்து தெரிந்தது. இரண்டு பேர் ரிப்ளை ஆல் போட்டார்கள். அதில் ஒருவர், தான் இருக்கிற இடத்தையே எழுதிவிட்டார். என் வீட்டுச் சாம்பார்க் கதைதான், ஆனால் அங்கே பந்தயம் தலை. 2023-ல் அந்த நாட்டுத் தகவல் ஆணையர் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் போட்டார்.

இதற்கு மருந்து என்ன பெரிய மருந்தா? பக்கத்திலேயே 'பிசிசி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்க அப்பா தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட். கார்பன் தாள் வைத்துக் கடிதம் அடிப்பார். நகல் போவது வெளியே தெரியக்கூடாது என்றால், மூலத்தை உருவி எடுத்துவிட்டு, அந்தப் பெயரை நகலிலே மட்டும் அடிப்பார். அந்த வழக்கம்தான் பிசிசி என்று கம்ப்யூட்டருக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அதில் முகவரிகளைப் போட்டால், வாங்குகிற ஒருவருக்கு மற்றவர் பெயர் தெரியாது. வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான். குரூப் தொடங்கினால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் தெரியாது. ஒன்று, உங்கள் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பதிந்து வைக்காதவர் பத்திரிகைக்கு வரப் போகிறாரா என்ன! (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது உண்மை. 2023-ல் தனிநபர் தரவுக்குத் தனிச் சட்டம் வந்ததும் உண்மை. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதற்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறதே! சட்டம் நம்ம வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே என்னைத் தடுக்க யாரும் இல்லை, என்னைத் தவிர.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிஷம் ஐயா. போன வருஷம் பேரனுக்குக் காது குத்து. 'யாருக்கு' கட்டத்தில் என் முகவரியையே போட்டேன், மற்ற எல்லாரையும் பிசிசியில் தள்ளினேன். கோயம்புத்தூர் மாமா உடனே போன் பண்ணினார். "வேற யார் பேரையும் காணோமே, எனக்கு மட்டும்தான் அனுப்பினியாம்மா?" என்றார். குரலிலே அப்படி ஒரு சந்தோஷம். நான் உண்மையைச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நம்மவர் அலட்சியமே என்று நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.