சர்க்கார் மானியமும் ஊர்ப் பாதுகாப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாநாட்டில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஊருக்கு வேண்டிய நீர், சாலை, விளக்கு, தீயணைப்பு முதலியவற்றின் பொருட்டுச் சர்க்கார் அளிக்கும் மானியங்கள் இந்நாளில் எவ்வழியிற் செல்கின்றன என்பதைப் பற்றிச் சிறிது எடுத்துரைக்க வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டனர். விஷயம் வறண்டது; எண்கள் மிகுந்தது. ஆயினும், இன்று காலையில் இம்மன்றத்தில் வாசிக்கப்பட்ட கிளைச் சங்கங்களின் விண்ணப்பங்களைக் கேட்டபின் இதனைப் பேசாதிருத்தல் தகாதென எண்ணுகின்றேன். அவற்றுட் பெரும்பாலானவை சமுதாயக்கூடமும் அலங்கார வளைவும் கோருவன. குடிநீர்க் குழாயும், தீயணைப்பு வண்டி நுழையத்தக்க தெருவும் கோரியவை இரண்டொன்றே.

மானியம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. முற்காலத்தில் அச்சொல் ரொக்கத்தைக் குறித்ததில்லை, நிலத்தையே குறித்தது. ஊர்க்காவல் புரிந்தோனுக்கும், ஏரி மதகைத் திறந்து அடைத்தோனுக்கும், இன்னும் ஊருக்குப் பொதுவான ஊழியம் செய்தோர்க்கும் வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலமே மானியம் எனப்பட்டது. ஆகவே மானியம் தோன்றிய காரணமே ஊரின் காப்பும் பராமரிப்புமாம். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன, அவை கி.பி. 919, 921-ஆம் வருஷங்களைச் சார்ந்தவை. ஏரி வாரியத்திற்குக் குடவோலையால் அங்கத்தினரைத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விவரிக்கின்றன. முன் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவருக்கு உறவினரும் மறுபடி அப்பதவிக்கு உரியராகார் என்று அங்கே விதிக்கப்பட்டுள்ளது. கணக்குக் காட்டாதானுக்குப் பொதுப்பணியில்லை என்னும் இவ்விதியை நினைவில் வையுங்கள். ஆயிரம் வருஷங்களுக்குப் பின் அது வேறு உருவில் நம்மிடம் வருவதைக் காண்பீர்கள்.

1858-இல் சென்னை ராஜதானியில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டபின், ஊழிய மானியங்கள் பல படிப்படியாகத் தீர்வைக்குட்பட்ட சொந்த நிலங்களாயின, ஊழியர் சம்பளக்காரராயினர். காவலும் பராமரிப்பும் ஊரின் கையினின்று நழுவிச் சர்க்காரின் கைக்குச் சென்ற கதை அது. 1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றி வெளியிட்ட தீர்மானம் அதிகாரத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது; பணப்பையோ மேலேயே நின்றது. நமது ராஜ்யத்தின் 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தில், ஊரார் செலுத்தும் வீட்டு வரிக்கு ஈடாகச் சர்க்கார் தானும் மானியம் தரும் ஏற்பாடு இருந்தது. நீ ஒரு ரூபாய் தண்டினால் நானும் ஒரு ரூபாய் தருவேன் என்பது அதன் கருத்து. நல்ல ஏற்பாடே. ஆயினும் ஏழை ஊருக்கு வரியும் சிறிது, மானியமும் சிறிது.

1993-இல் அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் அமலுக்கு வந்தன. ஐந்து வருஷத்துக்கொருமுறை தேர்தல் நடத்துதல் கட்டாயமாயிற்று. மத்திய நிதிக் கமிஷன் ஸ்தல ஸ்தாபனங்களின் தேவையையும் கருதிச் சிபார்சு செய்தல் வேண்டுமென்றும் ஏற்பட்டது. அன்று தொடங்கி இத்தொகை வளர்ந்த விதத்தைப் பாருங்கள். பத்தாவது கமிஷன் ஏறக்குறைய 5,380 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பதினொன்றாவது கமிஷன் 2000 முதல் 2005 வரையிலான ஐந்து வருஷத்துக்கு 10,000 கோடியும், பன்னிரண்டாவது கமிஷன் அடுத்த ஐந்து வருஷத்துக்கு 25,000 கோடியும் அளித்தன. பதினான்காவது கமிஷனில் இது 2,87,436 கோடியாகப் பெருகியது. 2021 முதல் 2026 மார்ச் வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது கமிஷன் குறித்தது 4,36,361 கோடி. அதில் 70,051 கோடி ஆரோக்கிய நிலையங்களின் பொருட்டாகும். ரூபாயின் மதிப்புக் குறைந்ததைக் கழித்துப் பார்ப்பினும், வளர்ச்சி பெரிதே.

தொகை வளர்ந்ததைக் கண்டு மகிழ்வோர், அதனுடன் வளர்ந்த நிபந்தனையைக் கவனிப்பதில்லை. இன்று நான் முக்கியமாகச் சொல்லக் கருதியது இதுவே: சர்க்கார் மானியம் இனிக் கொடையன்று, கணக்குக்கும் தேர்தலுக்கும் வரிக்கும் எதிராக அளந்து கொடுக்கப்படும் பண்டமாகிவிட்டது. பதின்மூன்றாவது கமிஷன் மானியத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நடத்தைக்குரிய மானியம் ஆக்கிற்று. பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்கள் தீவிபத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தல் வேண்டுமென்பதும் அப்பங்கைப் பெறுவதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்று. பதினைந்தாவது கமிஷனோ, தணிக்கை செய்த கணக்கைப் பொதுஜனம் காணும்படி வெளியிடாத ஸ்தாபனத்துக்கு மானியமில்லை என்றது. நகரங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை விதித்து, ராஜ்யத்தின் வருமான வளர்ச்சிக்கேற்ப வசூலையும் உயர்த்துதல் வேண்டுமென்றது. 2022 ஏப்ரலில் நமது நகரங்களில் சொத்து வரி உயர்த்தப்பட்டபொழுது, இந்நிபந்தனையையே சர்க்கார் காரணங்காட்டியது.

நிபந்தனை அனைத்தும் நீதியானது என்று நான் வாதிடவில்லை. அக்கமிஷன் ஊர்ப் பஞ்சாயத்துக்களுக்குக் கொடுத்த தொகையில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுண்டது. நாற்பது பங்கே ஊராரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. குடிநீர் போதுமான அளவுள்ள ஊர் ஒன்றில், சுடுகாட்டுப் பாதையிலோ பள்ளிக்குச் செல்லும் பெண்களின் வழியிலோ விளக்கில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டுண்ட பணத்தைக் கொண்டு அவ்விளக்கை நிறுத்தவியலாது. தில்லியில் அமர்ந்து வகுத்த விதி, ஒவ்வொரு ஊரின் இருளையும் எங்ஙனம் அறியும்?

இதனினும் பெரிய அநீதி ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 2016 அக்டோபரில் நமது ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலை ஹைகோர்ட் ரத்துச் செய்தது. அதன்மேல் வழக்கும் தவணையுமாக வருஷங்கள் கழிந்தன. 27 ஜில்லாக்களின் கிராமப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 ஜில்லாக்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. இடையில் தனி அலுவலர் ஆட்சி. தெரிந்தெடுக்கப்பட்ட சபையில்லாத இடத்துக்கு மானியமில்லையென்று மத்திய சர்க்கார் பணத்தை நிறுத்தி வைத்தது. தேர்தலைத் தாமதித்தவர் எவரோ. குழாயில் நீரின்றி நின்றவர் எவரோ! அந்த 27 ஜில்லாக்களின் பிரதிநிதிகளுடைய காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபொழுது, மறுபடியும் தனி அலுவலரே நியமிக்கப்பட்டனர். கட்சி எதுவாயினும் ஆகுக. தேர்தல் தவறுவது தம் ஊர்ச் சாலைக்கும் விளக்குக்கும் வரவேண்டிய பணம் தவறுவதாகும் என்று ஜனங்கள் உரத்துச் சொல்லாதவரையில், இது இனியும் நிகழும்.

இனி ஆபத்துக் காப்பைப் பற்றி. முன்னெல்லாம் சர்க்கார் பணம் வெள்ளம் வடிந்த பின்னரும், தீ அவிந்த பின்னருமே வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, இடிந்த வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து முடித்தனர். இப்போது நோக்கம் சிறிது மாறியிருக்கின்றது. பதினைந்தாவது கமிஷன் ராஜ்யங்களின் பேரிடர் நிதிக்கென வகுத்த 1,60,153 கோடியில் ஐந்தில் ஒரு பங்கை, ஆபத்து வருமுன் தணிக்கும் வேலைக்கென்றே பிரித்து வைத்தது. மழைநீர்ப் பெருக்கைத் தடுக்க ஏழு பெருநகரங்களுக்கு 2,500 கோடி குறித்தது. அதில் சென்னைக்கு 500 கோடி. 2015-இன் பெருவெள்ளத்தைக் கண்ட சென்னைக்கு அப்பணத்தைக் கொண்ட திட்டம் அங்கீகரிக்கப்பட்டதோ 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்த அதே வாரத்தில்! வருமுன் காக்கும் பணமும் வந்தபின் வருவதாயின், அதனை எப்பெயரால் அழைப்பது?

தீயணைப்புப் படைகளை விரிவுபடுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டமொன்று 2023 ஜூலையில் மத்திய உள்நாட்டு இலாகாவால் தொடங்கப்பட்டது. நம்முடையதைப் போன்ற ராஜ்யங்கள் செலவில் நாலில் ஒரு பங்கைத் தாம் இடுதல் வேண்டும். புதிய நிலையங்களும் வண்டிகளும் இதனால் வரக்கூடும். வண்டி வந்தாலும் தெருவுக்குள் நுழைய வேண்டுமே! நமது தெருக்களில் வாசற்படியை நீட்டிக் கட்டியவர் யார்? திருவிழாப் பந்தற்காலை நடுத்தெருவில் ஊன்றியவர் யார்? வளைவு கேட்ட கிளைச் சங்கத்தார் அதன் அகலத்தையும் உயரத்தையும் தீயணைப்பு நிலையத்தாரிடம் காட்டிக் கேட்டனரா என்பதை அறிய விரும்புகின்றேன்.

2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியொன்றில், சத்துணவுச் சமையலறையில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்ற, 94 குழந்தைகள் மாண்டனர். அதனை இங்கே நீட்டிச் சொல்ல என் நா எழவில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். அங்கே குறைந்தது பணமன்று. கூரையை அண்ணாந்து பார்த்து, இது ஆகாது என்று சொல்லும் கண்ணே குறைந்தது. எத்துணைக் கோடி மானியமும் அக்கண்ணை விலைக்கு வாங்கித் தராது.

பார்லிமெண்டு அங்கத்தினரின் தொகுதி நிதியைப் பற்றியும் சிலர் வினவினர். 1993-இல் ஒருவருக்கு 5 லக்ஷமாகத் தொடங்கிய அது, 2011-12 முதல் வருஷத்துக்கு 5 கோடியாயிற்று. அந்நிதியைக் கோவிற் பணிக்குச் செலவிட விதியில்லை. ஆதலின் நமது குலதெய்வக் கோவில் மதிலின் பொருட்டு எவரும் அலைய வேண்டா. பொதுவில் நிற்கும் சொத்தே அதற்குரியது. ஒரு வகுப்பார் மட்டும் புழங்கும் கூடத்தைக் காட்டிலும், ஊர் முழுதும் ஏறி நிற்கத்தக்க புயற்காப்பகத்தைக் கேட்டால் மறுப்பது அங்கத்தினருக்கும் அரிது. அக்கட்டிடம் மழையில்லாத நாளில் நமது விவாகங்களுக்கும் உதவாதா என்ன?

கிளைச் சங்கத்தார்க்கு நான் வேண்டுவது மூன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாட்களில் ஊருக்குப் பத்துப் பேராவது, பெண்மக்களும் உட்பட, செல்லுதல் வேண்டும். பஞ்சாயத்தின் வரவு செலவு இப்போது மத்திய சர்க்காரின் மின்வலைத் தளத்தில் ஊர்வாரியாக வெளியாகின்றது. கைப்பேசியில் பொழுது போக்கும் நமது வாலிபர் அதனைத் திறந்து, வேலை நடந்ததாக எழுதியுள்ள இடத்தில் வேலை உண்டா என்று நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். சேரிக்கும் ஊருக்கும் ஒரே குழாய் செல்கின்றதா என்பதையும் அப்போதே பார்த்துவருக. தொகுதி நிதியிலேயே நூற்றுக்குப் பதினைந்து பங்கு தாழ்த்தப்பட்டோர் வாழுமிடத்துக்கும், ஏழரை பங்கு பழங்குடியினர் வாழுமிடத்துக்கும் என்று விதி உளது. அப்பங்கை நம் தெருவுக்குத் திருப்பக் கேட்கும் விண்ணப்பத்தில் நமது சங்கத்தின் முத்திரை விழலாகாது.

காலையில் வாசிக்கப்பட்ட விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று, தெருவின் அகலம், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் தூரம், குடிநீர்த் தொட்டியின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் குறித்துப் புதிதாக எழுதித் தருமாறு கிளைச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கின்றேன். அதற்குரிய மாதிரிப் படிவம் காரியதரிசியிடம் உள்ளது. அடுத்த மாதத்துக் கமிட்டி கூடுமுன் அவை வந்து சேருதல் வேண்டும்.